மூலவர் இல்லாத சித்திரம்

நம் நாட்டில் கலை, கலை என்று போடப்படும் கூச்சலுக்கு அளவே இல்லை. கோபுரத்தைக் காட்டிக் கலை என்கிறார்கள். தேரைக் காட்டிக் கலை என்கிறார்கள். ஆறு தலையும் பன்னிரண்டு கையும் உள்ள ஒரு படத்தைக் காலண்டரில் அச்சடித்து, கீழே ஜவுளிக்கடை விலாசத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டு, அதையும் கலை என்கிறார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் இவ்வளவு கலைக்குள்ளும் உழுகிறவன் எங்கே, உப்பு வாருகிறவள் எங்கே, கடலுக்குள் மூச்சடக்கி மூழ்குகிறவன் எங்கே என்று ஒருவன் கேட்டுவிட்டால் போதும், "இவன் ரசனை இல்லாத முரடன்" என்று பட்டம் கட்டிவிடுகிறார்கள்.

அந்த முரட்டுக் கேள்வியைத்தான் இன்று நாம் கேட்கப் போகிறோம். அதற்கு ஆதாரமாக ஒரு சித்திரக்காரரின் வேலையை வாசகர்கள் முன் வைக்கிறோம். அவர் கோயிலுக்கு வேலை செய்தவரல்ல, அரண்மனைக்கு வேலை செய்தவருமல்ல. அவர் வங்காளத்துக்காரர். பெயர் சோம்நாத் ஹோர். 1921ல் இன்றைய வங்காள தேசத்தைச் சேர்ந்த சிட்டகாங் பகுதியில் பிறந்து, 2006ல் சாந்திநிகேதனில் இறந்தார். மரத்தைச் செதுக்கி அச்செடுப்பவராகவும், பிற்காலத்தில் வெண்கலச் சிற்பம் வார்ப்பவராகவும் இருந்தார். அவர் வாழ்நாள் முழுவதும் செய்த விக்கிரகம் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் பசித்த மனிதன்.

பஞ்சம் யார் செய்த வேலை?

1943ல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. செத்தவர்கள் 15 லட்சம் என்று சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷனே 1945ல் ஒப்புக்கொண்டது. பின்னால் கணக்குப் பார்த்தவர்கள் 30 லட்சம் வரை சொல்லுகிறார்கள். இத்தனை பேர் எப்படிச் செத்தார்கள்? "காலம் கெட்டுப்போச்சு, தெய்வக் குற்றம், தலையெழுத்து" என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு. இன்றும் இதே சங்கதியைச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு.

தலையெழுத்தை எழுதியவர்கள் யார் என்று கொஞ்சம் பார்ப்போம். 1942ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். பர்மா அரிசி நின்றது. ஜப்பான்காரன் வங்காளத்துக்குள் நுழைந்தால் அவன் கைக்கு அகப்படக்கூடாது என்று, கடலோர ஜில்லாக்களில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளை வெள்ளைக்கார சர்க்கார் பறிமுதல் செய்தது, பலவற்றை உடைத்தது. நெல்லையும் அப்படியே அப்புறப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபரில் மிதுனாப்பூர் பக்கம் புயல் அடித்தது. அதன்பின் இருந்த அரிசியைப் பதுக்கினவன் பதுக்கினான். பட்டாளத்துக்கும் பட்டணத்துக்கும் போனது போக, கிராமத்தானுக்கு விலை எட்டவில்லை. பொருளாதார நிபுணர் அமர்த்தியா சென் இதை ஆராய்ந்து, தானியம் அடியோடு இல்லாமல் போனதால் அல்ல, அதை வாங்கும் சக்தி ஏழைக்கு இல்லாமல் போனதால்தான் ஜனங்கள் மாண்டார்கள் என்று விளக்கியிருக்கிறார்.

தூத்துக்குடித் தோழர்களே! படகைப் பறித்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு ஒருவர் வந்து சொல்லித்தர வேண்டுமா? தோணியும் வள்ளமும் இல்லாத கடற்கரைக்காரன் கை இல்லாத மனிதனுக்குச் சமம். மீனும் இல்லை, சரக்கு ஏற்றி இறக்கும் கூலியும் இல்லை. புயல் இயற்கை, ஆனால் படகை உடைத்தது இயற்கையா? பதுக்கினது இயற்கையா? இதற்கும் கடவுள் சித்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

அந்தப் பஞ்சத்தின் நடுவில் 20 வயதைக் கடந்த வாலிபரான சோம்நாத் ஹோர் பென்சிலைக் கையில் எடுத்தார். அதற்கு முந்தின ஆண்டே, தம் பக்கத்துப் பட்டியா கிராமத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டு ஜனங்கள் மாண்டதைக் கண்ணால் கண்டு வரைந்தவர் அவர். பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். பொதுவுடைமைக் கட்சியின் 'ஜனயுத்தம்' பத்திரிகையில் அவை வந்தன. அவருக்கு இந்த வழியைக் காட்டியவர் சித்தபிரசாத் என்ற மற்றொரு சித்திரக்காரர். அவர் 1943ல் மிதுனாப்பூர் ஜில்லாவில் கால்நடையாகவே சுற்றி, கண்டதைச் சித்திரமாகவும் எழுத்தாகவும் ஆக்கி, 'பசித்த வங்காளம்' என்ற பொருள்படும் புத்தகமாக வெளியிட்டார். சர்க்கார் என்ன செய்தது? சுமார் 5,000 பிரதிகளைப் பறிமுதல் செய்து கொளுத்தியது.

"படம் போட்டால் பசி தீருமா?" என்று நம்மைக் கேலி செய்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். படத்தால் ஒன்றும் ஆகாது என்றால், துப்பாக்கியும் பட்டாளமும் வைத்திருந்த ஒரு சாம்ராஜ்யம் அந்தக் காகிதத்தைக் கண்டு ஏன் நடுங்கிற்று? பசியைத் தீர்க்க அரிசிதான் வேண்டும்; அதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அரிசியைப் பூட்டி வைத்தவன், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாமல் செய்வது படம். அதனால்தான் கொளுத்தினான்.

மூன்றில் எத்தனை பங்கு?

1946 கடைசியில் வட வங்காளத்தில் குத்தகை உழவர்கள் கிளம்பினார்கள். உழுகிறவனும் விதைக்கிறவனும் அறுக்கிறவனும் ஒருவன். விளைந்ததில் பாதியை வாங்கிக்கொண்டு போகிறவன் மற்றொருவன். "இனிமேல் மூன்றில் இரண்டு பங்கு எங்களுக்கு, ஒரு பங்குதான் உனக்கு" என்றார்கள் உழவர்கள். இதற்குத்தான் தேபாகா கிளர்ச்சி என்று பெயர். ரங்கப்பூர் பக்கம் போய் அவர்களோடு தங்கி, கூட்டத்தையும் அறுவடையையும் கைத்தடி ஏந்திக் காவல் நின்ற உழவர்களையும் வரைந்து, நாட்குறிப்பும் எழுதினார் ஹோர். பின்னால் அவற்றை மரத்தில் செதுக்கி அச்செடுத்தார். வாயைத் திறந்து பங்கு கேட்ட உழவன் அந்தத் தாள்களில் நிமிர்ந்து நிற்கிறான். நம் சிற்பங்களில் உழவன் வந்தாலும் யாருடைய காலடியிலாவது குனிந்துகொண்டல்லவா வருகிறான்!

இந்தப் பங்குக் கணக்கு நம் கடற்கரைக்குப் புதியதா? முத்துக்குளித்துறையில் இதைவிட மோசமான கணக்கு நடந்தது. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய் முத்துப்பாரில் சிப்பியை வாரி வருகிறவன் ஒருவன். கரையில் குவித்ததும் மூன்று கூறு போடுவார்கள். இரண்டு கூறு சர்க்காருக்கு. ஒரு கூறு மூழ்கினவர்களுக்கு. அதாவது மூச்சடக்காதவனுக்கு இரண்டு, மூச்சடக்கினவனுக்கு ஒன்று!

அதோடு நின்றதா? சுறா கடிக்காமல் மந்திரம் போட ஒருவன் வேறு. அவனுக்குக் "கடல்கட்டி" என்று பெயர். 1292 வாக்கில் இந்தக் கடற்கரைக்கு வந்த வெனிஸ்காரர் மார்க்கோ போலோ இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்காம். பெரிய மீன்கள் தீண்டாதபடி மந்திரம் செய்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்காம். அந்த மந்திரக்காரர்களை அவர் "அப்ராயமன்" என்கிறார். அது எந்தச் சொல்லின் திரிபு என்பதை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இன்னும் வேடிக்கை, மந்திரம் பகலுக்கு மட்டுந்தானாம், இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். ஏன்? மந்திரம் இரவிலும் நின்றால் திருடன் அல்லவா பயமில்லாமல் மூழ்கி முத்தெடுத்துவிடுவான்! சுறாவுக்கும் மந்திரவாதிக்கும் இருந்த ஒப்பந்தத்தைப் பார்த்தீர்களா?

இதை ஒரு மதத்தின்மேல் மட்டும் போட்டுவிட்டு மற்றவர்கள் சிரிக்கவும் வேண்டாம். 1859ல் இலங்கையைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய எமர்சன் டென்னண்ட், அக்கரை முத்துக்குளிப்பில் கடல்கட்டி வேலை பரம்பரை உரிமையாக இருந்ததையும், தாம் எழுதிய காலத்தில் அந்தக் குடும்பத் தலைவர் ரோமன் கத்தோலிக்கராக இருந்ததையும் சொல்லுகிறார். மதம் மாறிற்று, மந்திரம் மாறவில்லை, வரும்படியும் மாறவில்லை. நூற்றுக்கணக்கான தோணிகளும் ஆயிரக்கணக்கான ஆட்களும் போடும் இரைச்சலில் சுறா ஒதுங்கிப் போயிருக்கலாம். அந்த இரைச்சலைப் போட்டவர்களும் மூழ்கினவர்களேதான். தன் இரைச்சலுக்குத் தானே கூலி கொடுத்து, அதை மந்திரம் என்று நம்பிய ஏமாளித்தனத்தை என்னவென்று சொல்வது?

தூத்துக்குடியில் சர்க்கார் நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோயிற்று. 1973ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் இதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் கருவை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அதற்கு எந்தக் கடல்கட்டியும் வந்து மந்திரம் ஓதவில்லை. நிற்க.

அச்சுக்கு மூலவர் கிடையாது

சிலர் கேட்கலாம்: "சரி, ஏழையை வரைந்தார், அதற்கு மரத்தைச் செதுக்குவானேன்? வர்ணத்தில் ஒரு படம் எழுதக்கூடாதா?" இங்கேதான் விஷயம் இருக்கிறது.

கோயிலில் மூலவர் ஒன்றுதான். அது கருவறையில் இருக்கும். அதை யார் கிட்டே போய்ப் பார்க்கலாம், யார் எட்டி நின்று பார்க்கவேண்டும், யார் பார்க்கவே கூடாது என்பதற்கெல்லாம் விதிகள் எழுதி வைத்தார்கள். ஒன்றே ஒன்று என்று வந்துவிட்டால், அதற்குப் பூட்டு வரும். பூட்டு வந்தால் சாவிக்காரன் வருவான். சாவிக்காரன் வந்தால் தட்டும் தட்சணையும் வரும். பணக்காரன் வீட்டு வர்ணப் படமும் இதே கதைதான். ஒன்றுதான் இருக்கும், அதை வாங்கினவன் வீட்டுக்குள் இருக்கும், நமக்கு வாசல் வரைக்குந்தான்.

மர அச்சு அப்படியல்ல. பலகையில் வேண்டாத இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, மேட்டில் மையைத் தடவி, தாளை வைத்து அழுத்தினால் ஒரு படம். மறுபடி மை, மறுபடி தாள், மற்றொரு படம். நூறு தாள் எடுத்தால் நூறில் எது மூலவர், எது உற்சவர்? எல்லாம் ஒன்றே. ஒன்றுக்கு மற்றொன்று தாழ்ந்ததில்லை. ஒரு தாள் சங்கத்து அறையில் தொங்கலாம். ஒரு தாள் தேநீர்க்கடைச் சுவரில் ஒட்டலாம். ஒரு தாளைப் போலீஸ்காரன் கிழித்தாலும் தொண்ணூற்றொன்பது மிச்சம். சமத்துவத்தைப் பற்றி நாம் மேடையில் பேசுகிறோம். மர அச்சுக்காரன் வேலை செய்கிற முறையே சமத்துவமாய் இருக்கிறது.

காயமும் வெண்கலமும்

1970க்குப் பின் ஹோர் இன்னும் ஒரு படி போனார். களிமண் தகட்டிலும் மெழுகுத் தகட்டிலும் கத்தியால் கீறினார். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டார். அதன்மேல் சிமெண்டால் அச்சு எடுத்து, அதில் காகிதக் கூழை அழுத்திக் காயவைத்தார். மையே கிடையாது. வெள்ளைத் தாள், வெள்ளைக் காயம். மனிதன் கூட இல்லை, வெறும் கீறலும் பிளவும் தழும்புந்தான். அந்த வரிசைக்கே 'காயங்கள்' என்று பெயர் வைத்தார். அது பிரிவினையும் போரும் வீதிக் கொலைகளும் கண்ட வங்காளம். பூமியின் மேலும் மனிதத் தோலின் மேலும் ஒரே கத்திதான் விழுகிறது என்று அவருக்குப் பட்டது போலும்.

பின்னர் வெண்கலத்துக்கு வந்தார். மெழுகில் உருவம் செய்து, மண்ணைப் பூசிச் சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை வார்க்கும் முறை. இது நமக்குத் தெரியாத வித்தையா? சுவாமிமலையில் தலைமுறை தலைமுறையாக நடராஜனையும் அம்மனையும் வார்ப்பது இந்த வித்தையால்தானே. வித்தை ஒன்றுதான், சரக்குத்தான் வேறு. சுவாமிமலை மெழுகில் பசிக்காத தெய்வம் பிறக்கிறது. ஹோரின் மெழுகில் விலா எலும்பு தெரியும் தாயும், நிமிர முடியாத கிழவனும், மெலிந்த நாயும் பிறந்தன. பசிக்காததற்குப் பாலும் தேனும் அபிஷேகம் செய்கிறோம். பசிக்கிறதைப் பார்த்தால் "அசிங்கம்" என்கிறோம். எது அசிங்கம் என்று வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

1975ல் முடிந்த வியட்நாம் போரில் ஒரு சிறு நாட்டு உழவர் கூட்டம் அமெரிக்க வல்லரசை எதிர்த்து நின்றதே, அதற்கு மரியாதையாக 1977ல் 'தாயும் சேயும்' என்று ஒரு பெரிய வெண்கலத்தை வார்த்து முடித்தார் ஹோர். முடித்த கொஞ்ச காலத்திலேயே சாந்திநிகேதன் கலாபவனத்திலிருந்து அதை எவனோ திருடிக்கொண்டு போய்விட்டான். அது திரும்பக் கிடைக்கவே இல்லை. தெய்வ விக்கிரகம் களவு போனால், "சாமி தானே திரும்பி வரும்" என்று வாய் கூசாமல் சொல்லலாம். இந்தத் தாய்க்கு அந்தச் சக்தியெல்லாம் இருப்பதாக ஹோர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மறுபடி மெழுகை எடுத்துக்கொண்டு அடுத்த உருவத்தைச் செய்ய உட்கார்ந்தார். இதுதான் உழைப்பாளியின் பதில்.

இப்போது இன்னொரு வேடிக்கை நடக்கிறது. இந்தப் பசித்த உருவங்களைச் சீமான்கள் ஏலத்தில் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கி, விருந்து மண்டபத்தில் வைத்துக்கொள்கிறார்கள். பசித்தவன் கதவுக்கு வெளியே. பசித்தவனின் பொம்மை கதவுக்கு உள்ளே! ஆனால் அது ஹோரின் குற்றமல்ல. கசப்பு மருந்தை வாங்கிக் குடிக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவன் குற்றம்.

மூன்று ஆட்சேபணைகள்

ஒன்று, "கலை அழகுக்காக, அரசியலுக்கு அல்ல" என்பது. அப்படியானால் அரசன் கட்டிய கோயிலில் அரசன் பெயரும் அரசன் வெற்றியும் கல்லில் ஏறியிருக்கிறதே, அது அரசியல் இல்லையா? ஆண்டவனைப் பாடினால் கலை, ஆண்டையைப் பாடினால் கலை, ஆள்காரனைப் பற்றி ஒரு கோடு இழுத்தால் மட்டும் அரசியலா?

இரண்டு, "துன்பத்தைக் காட்டினால் மனம் சோர்ந்துவிடும்" என்பது. துன்பப்படுகிறவன் சோர்ந்து பேசுவது இல்லை இது. துன்பத்தைப் பார்க்க விரும்பாதவன் பேச்சு. சென்னைக் கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959லிருந்து நிற்கிறது. நான்கு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள், நரம்பு புடைத்திருக்கிறது. மீனவர் குலத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923ல் இந்தியாவிலேயே முதல் மே தினக் கூட்டத்தை நடத்திய கடற்கரை அது. அந்தச் சிலையைப் பார்த்து எந்தத் தொழிலாளி சோர்ந்து போனான்? குடமுழுக்கு இல்லை, உண்டியல் இல்லை, பூசாரி இல்லை. அதனால் பிழைப்புக் கெட்டுப் போனவன் வேண்டுமானால் சோர்ந்திருக்கலாம்.

மூன்றாவது நம் தோழர்களில் சிலரே சொல்லுவது: "நமக்கு எதற்கு இந்தச் சித்திரமும் சிலையும்? பேச்சும் பத்திரிகையும் போதாதா?" போதாது என்பதே நம் பதில். காலையில் எழுந்ததும் கண் விழிக்கிற சுவரை எதிரிக்குக் கொடுத்துவிட்டு, மாலையில் அரை மணி நேரம் பேசிவிட்டால் சரியாய்ப் போகுமா? படிக்கத் தெரியாத பாட்டிக்கும் படம் தெரியும்.

நம் கரையில் செதுக்க வேண்டியவை

இப்போது தூத்துக்குடிக்கு வருவோம். தமிழ்நாட்டு உப்பில் மிகப் பெரும் பகுதி இந்த ஜில்லா உப்பளங்களில் விளைகிறது. வெயிலும் உப்பும் சேர்ந்து அடிக்கிற வெள்ளை வெளிச்சத்தில் கண் கெடுகிறது. உப்பு நீரில் நின்று கால் புண்ணாகிறது. மழை வந்தால் வேலையே இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோமே, உப்பை விளைவித்தவரை எந்தச் சுவரில் எழுதி வைத்து நினைத்தோம்? 1908ல் கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கினார்கள். வ.உ.சி.யை அறிவோம், போற்றுகிறோம். ஆனால் அவர் பின்னால் நின்ற அந்தத் தொழிலாளிகளின் முகம் எப்படியிருந்தது என்று நம் குழந்தைகளுக்குக் காட்ட நம் வீட்டுச் சுவரில் என்ன இருக்கிறது?

கடலுக்கும் காயம் உண்டு. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள மன்னார் வளைகுடாத் தீவுகள் 21. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமென்று பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தோம். அலையைத் தடுத்த பாறை போனதும் அலை தீவைத் தின்றது. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. வான் தீவு பெரும்பகுதியை இழந்து சிறு திட்டாயிற்று. இதையும் கடல் மாதா கோபம் என்று சொல்ல ஆள் இருக்கிறது. 2015 வாக்கில் தொடங்கி, தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையமும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து, சிமெண்டில் வார்த்த செயற்கைப் பாறைகளை வான் தீவைச் சுற்றிக் கடலுக்குள் இறக்கினார்கள். அலை தணிந்தது, மணல் சேர்ந்தது, அந்தச் சிமெண்டின்மேல் பவளம் ஒட்டி வளர்ந்தது, மீனும் வந்தது. கைகூப்பாமல், கற்பூரம் காட்டாமல், ஒரு வார்ப்பு ஒரு தீவைக் காக்கிறது. நாட்டிலுள்ள விக்கிரகங்களில் எதற்காவது இந்த யோக்கியதை உண்டா?

காற்றுக்காகவும் தண்ணீருக்காகவும் இந்த ஊர் கொடுத்த விலை எல்லோருக்கும் தெரியும். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடச் சொல்லி கிளம்பிய ஜனங்கள்மேல் 2018 மே மாதத்தில் போலீஸ் சுட்டதில் 13 பேர் மாண்டார்கள். அந்த மே மாதத்திலேயே ஆலை மூடப்பட்டது. திறக்கக் கேட்ட மனுவை 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. வங்காளத்தில் படகைப் பறித்தவனும், பவளத்தை வெட்டினவனும், நச்சுப் புகையை நமக்கும் லாபத்தைத் தனக்கும் என்று பங்கு போட்டவனும் ஒரே கணக்குப் புத்தகக்காரர்கள்தான். மூன்றில் இரண்டு அவனுக்கு, காயம் முழுவதும் நமக்கு.

ஆகையால் இந்தக் கரையின் வாலிபர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தால்தான் சித்திரக்காரன் ஆகலாம் என்று மலைக்க வேண்டாம். ஒரு துண்டுப் பலகை அல்லது சித்தபிரசாத் செதுக்கியது போல் ஒரு துண்டு லினோலியம், ஒரு உளி, கொஞ்சம் மை, தாளைத் தேய்க்க ஒரு கரண்டி, இவ்வளவு போதும். உப்பளத்துப் பாட்டியின் காலைச் செதுக்குங்கள். சங்கு குளிக்கிறவனின் முகத்தைச் செதுக்குங்கள். மூழ்கிப்போன தீவின் பெயரைச் செதுக்குங்கள். நூறு தாள் எடுத்து, பத்து ரூபாய்க்குக் கொடுங்கள். இல்லாதவனுக்குச் சும்மா கொடுங்கள். கோணலாய் இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். ஒரு தலைக்கு மேல் ஐந்து தலை வைத்தவனே கோணலைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். அடுத்த பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது, பழைய சாமி காலண்டர் தொங்கின ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டாம். ஆணி நல்ல ஆணி. அதில் உழைத்தவன் படம் ஒன்றை மாட்டுங்கள். அதற்கு விளக்கேற்ற வேண்டாம், விழுந்து கும்பிட வேண்டாம். குழந்தை வந்து, "இது யார்?" என்று கேட்கும். பதில் சொல்லத் தயாராய் இருங்கள்; அது போதும்.